“ஏன் வெளியே வரவில்லை?” என்று கேட்பதற்கு முன்னால்

சில வருடங்களுக்கு முன் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த ஒரு அக்காவிடம் இந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். கையில் ஒரு காயம், அதற்கு ஒரு கதை. அடுத்த மாதம் இன்னொரு காயம், இன்னொரு கதை. ஒருநாள் கதை சொல்லாமல் உண்மையைச் சொன்னார். நான் அந்த நிமிடமே ஆலோசகராகிவிட்டேன்.

“ஏன்க்கா இன்னும் அங்கயே இருக்கீங்க? அம்மா வீட்டுக்குப் போயிடலாமே?”

“அவருக்கு அந்த வீடு தெரியும். போன தடவை வாசல்ல நின்னு கத்தினார். அம்மாவுக்கு அதுக்கப்புறம் ரெண்டு நாள் தூக்கமே இல்ல.”

“தனியா ஒரு வீடு பார்த்தா?”

“முன்பணத்துக்கு எங்க போறது? என் சம்பளக் கணக்கு அவர் போன்லதான் இருக்கு.”

“போலீஸ்ல சொல்லிப் பார்த்தீங்களா?”

“சொல்லிட்டு ராத்திரி அதே வீட்டுக்குத்தானே திரும்பி வரணும்?”

நான் நிறுத்திக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் எனக்கு உதித்ததெல்லாம், பதினோரு வருடமாக அதற்குள்ளேயே வாழ்கிறவருக்கு உதித்திருக்காதா என்ன? ஒவ்வொரு யோசனையையும் அவர் எப்போதோ எடுத்துப் பார்த்து, ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, திரும்ப வைத்திருந்தார். விஷயம் தெரியாமல் இருந்தது நான்தான்.

குடும்ப வன்முறை பற்றி எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. வீட்டில் பாத்திரம் உருண்டாலே வன்முறை என்பவர்கள் உண்டு. எலும்பு முறிந்தால்தான் வன்முறை என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: அவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் வெளியே வரவில்லை? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். படிப்படியாகப் போவோம்.

சண்டை வேறு, இது வேறு

சிறுவர் பூங்காவில் சீசா பார்த்திருப்பீர்கள். ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும். கொஞ்ச நேரத்தில் மாறும். சாதாரணக் குடும்பச் சண்டை இப்படிப்பட்டது. ஒருநாள் இவர் குரல் ஓங்கும், மறுநாள் அவர் குரல். கதவு படாரென்று சாத்தப்படும், இரண்டு நாள் பேச்சு இருக்காது, அப்புறம் யாராவது ஒருவர் “சாப்பிட்டியா?” என்று ஆரம்பிப்பார். பார்க்க அழகான காட்சி இல்லைதான். ஆனால் இருவரில் ஒருவர் மற்றவரைக் கண்டு நடுங்குவதில்லை.

குடும்ப வன்முறையில் அந்தச் சீசாவின் ஒரு முனையை யாரோ தரையோடு ஆணி அடித்து வைத்துவிடுகிறார்கள்.

இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த எளிய கேள்வி இது: சண்டையே இல்லாத நாளிலும் அந்த வீட்டில் யாராவது பயந்துகொண்டு இருக்கிறார்களா?

அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்து வைத்தார். வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாவது ஒரு வகை. ஒருவர் இன்னொருவரின் வாழ்க்கையையே தன் பிடியில் வைத்திருக்க வன்முறையைக் கருவியாக்குவது வேறு வகை. முதல் வகை பரவாயில்லை என்று அர்த்தமில்லை. அங்கேயும் காயம் உண்டு. ஆனால் இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது முதலாவதை மனதில் வைத்துக்கொண்டு “ரெண்டு பேர் மேலயும் தப்பிருக்கும், ஒரு கை தட்டினா ஓசை வருமா?” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கைதட்டத்தான் இரண்டு கை வேண்டும். அறைவதற்கு ஒன்று போதும்.

வரையறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப வன்முறை என்பது நெருங்கிய உறவில் இருக்கும் ஒருவர், இன்னொருவரை அச்சத்தில் வைத்துத் தன் விருப்பப்படி நடத்தச் செய்யும் தொடர்ச்சியான நடத்தை. அது உடல்மீது வரலாம். பாலுறவு வழியாக, பணம் வழியாக, சொல் வழியாக, மிரட்டல் வழியாகவும் வரலாம். செய்பவர் கணவனாகவோ மனைவியாகவோ இருக்கலாம். பிரிந்துபோன துணை, பெற்றோர், வளர்ந்த பிள்ளை, புகுந்த வீட்டார் என்று யாராகவும் இருக்கலாம்.

எங்கோ சில வீடுகளில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, துணையோடு வாழ்ந்திருக்கும் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 27 சதவீதம் பேர், தங்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது துணையிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல். உடலைத் தொடாத கொடுமைகள் இந்தக் கணக்கில் இல்லை.

கோபம் தலைக்கேறியதாலா?

“நல்ல மனுஷன்தான், கோபம் வந்தா மட்டும் கண்ணு தெரியாது.” இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. இதன்படி வன்முறையாளர் ஒரு பிரஷர் குக்கர். உள்ளே ஆவி சேர்கிறது, தாங்க முடியாத நேரத்தில் விசில் அடிக்கிறது. பாவம், குக்கர் என்ன செய்யும்?

சரி, அப்படியானால் சில விஷயங்களை விளக்க வேண்டியிருக்கும். அதே மனிதரை அலுவலகத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். அங்கே ஏன் விசில் அடிப்பதில்லை? அடி ஏன் பெரும்பாலும் துணி மறைக்கும் இடமாகப் பார்த்து விழுகிறது? நடுவில் போன் மணி அடித்தால் அடுத்த நொடியே குரல் தேனாக மாறுவது எப்படி? உடைபடும் பொருட்களில் ஏன் எப்போதும் மனைவியின் பொருளே இருக்கிறது?

குக்கருக்கு இதெல்லாம் முடியாது. குழாய்க்கு முடியும். எங்கே, எப்போது, எவ்வளவு என்று பார்த்துத் திறக்கலாம், வேண்டும்போது மூடலாம். கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது நிஜமாகவே வந்திருக்கலாம். யார்மீது அதைக் காட்டலாம் என்ற கணக்கும் கூடவே வருகிறது என்பதுதான் விஷயம்.

குடியும் இப்படித்தான். குடி அடியின் வேகத்தைக் கூட்டும், அடிக்கடி நடக்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடித்துவிட்டு வருகிற வழியில் பார்த்த எல்லோரையும் அவர் அடிக்கவில்லை. குடியை நிறுத்திய பிறகும் பிடி தளராத வீடுகள் இருக்கின்றன.

அடியே இல்லாமல் அச்சம் எப்படி நிலைக்கிறது என்றும் கேட்கலாம். சாலைச் சந்திப்பில் காவலர் நின்று நான்கு பேருக்கு அபராதம் போட்டால் போதும். அடுத்த ஒரு மாதம் அவர் இல்லாத நாளிலும் வண்டிகள் கோட்டுக்கு முன்னாலேயே நிற்கும். வீட்டிலும் ஒருமுறை கழுத்தைப் பிடித்துவிட்டால், அப்புறம் ஒரு பார்வை போதும். “வருஷத்துக்கு ஒரு தடவைதானே அடிக்கிறார்” என்று சொல்பவர்கள் மீதி 364 நாளும் அந்தப் பார்வை வேலை செய்துகொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம்: இது இருவரும் மாறி மாறி ஏறி இறங்கும் சண்டை அல்ல, கட்டுப்பாடு இழந்த கோபமும் அல்ல. நோக்கம், இன்னொருவரைப் பிடியில் வைத்திருப்பது. அடி அதற்கான பல கருவிகளில் ஒன்று.

வலை பின்னப்படும் விதம்

மற்ற கருவிகள் எவை? கட்டுரையின் மையம் இதுதான், கொஞ்சம் மெதுவாகப் போகிறேன்.

மீன்வலையின் ஒரு நூலைத் தனியாக எடுத்து இரண்டு கையாலும் இழுங்கள், அறுந்துவிடும். இவ்வளவு மெல்லிய நூலா அவ்வளவு பெரிய மீனைப் பிடித்தது என்று தோன்றும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குடும்ப வன்முறையைப் பார்ப்பது இப்படித்தான், ஒவ்வொரு நூலாக. “போன் பாஸ்வேர்டு கேட்டாரா? அதுக்கா பிரச்சினை பண்றே?” “சம்பளத்தை அவர்கிட்ட கொடுக்கிறதுல என்ன இருக்கு?” தனித்தனியாகக் கேட்டால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. முடிச்சுகளைப் பார்த்தால்தான் வலை தெரியும்.

முதல் நூல் பெரும்பாலும் அன்பு மாதிரியே இருக்கும். “உன் ஃப்ரெண்டு உன்னை மதிக்கவே இல்ல, உனக்குப் புரியல.” “ஞாயிற்றுக்கிழமை உங்க அக்கா வீட்டுக்கா? நாம ரெண்டு பேரும் இருக்கலாம்னு நினைச்சேன்.” நான்கு முறை இப்படி ஆனால், ஐந்தாவது முறை போக வேண்டும் என்றே தோன்றாது. போய்விட்டு வந்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதும் ஒரு காரணம். மெல்ல மெல்லத் தோழிகள் அழைப்பதை நிறுத்திவிடுவார்கள், “அவ இப்பெல்லாம் ரொம்ப மாறிட்டா” என்று. இதற்குத் தனிமைப்படுத்துதல் என்று பெயர். இதுதான் முதலில் நடக்கும் என்பதற்குக் காரணம் உண்டு. நடப்பது சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மனிதர் இருக்கக் கூடாது.

அடுத்தது பணம். வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்வது பழைய முறை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு செலவுக்கு எண்ணிக் கொடுப்பது, ஒவ்வொரு சிறு செலவுக்கும் ரசீது கேட்பது, பாதிக்கப்பட்டவர் பெயரில் கடன் வாங்குவது, நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு பார்த்துப் பெரிய சண்டை போடுவது, வேலை செய்யும் இடத்துக்கே வந்து கத்தி மானத்தை வாங்குவது எல்லாம் ஒரே வகை. இதைப் பொருளாதாரச் சுரண்டல் என்கிறார்கள். பெரும் சம்பளம் வாங்கும் மருத்துவர் வீட்டிலும் இது நடக்கும். சம்பாதிப்பதும் அந்தப் பணத்தை எடுக்க முடிவதும் ஒன்றல்ல.

அப்புறம் சின்னச் சின்ன விதிகள். எத்தனை மணிக்குள் போனை எடுக்க வேண்டும், எந்த நிறத்தில் உடுத்த வேண்டும், துண்டை எப்படி மடிக்க வேண்டும். விதிகள் எழுதப்பட்டிருக்காது, நேற்று சரியாக இருந்தது இன்று தப்பாகும். முள்மேல் நடப்பதுபோல் நடந்தும் எங்காவது ஒரு முள் குத்தும். இதனால் பாதிக்கப்பட்டவர் ஒருவகை வானிலை நிபுணராகிவிடுகிறார். வெளிக்கதவு திறக்கும் சத்தம், சாவியை மேசையில் வைக்கும் விதம், செருப்பைக் கழற்றும் வேகம் இவற்றைக் கேட்டே இன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணித்துவிடுவார். பிள்ளைகளை எப்போது வேறு அறைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும். இதற்கே நாள் முழுதும் மூளை ஓடிக்கொண்டிருந்தால் வேறு எதை யோசிக்க மிச்சம் இருக்கும்?

இந்தக் காலத்தின் நூல் கைபேசி. இருப்பிடம் காட்டும் செயலி, பகிர்ந்த கடவுச்சொல், வீட்டு வாசல் கேமரா, “வீடியோ கால் போடு, யார்கூட இருக்கேன்னு காட்டு.” முன்பெல்லாம் வீட்டை விட்டு வெளியே போன நேரமாவது தன்னுடையதாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாத நூல். நடந்ததை நடக்கவே இல்லை என்று சாதிப்பது. “நான் அப்படிச் சொல்லவே இல்ல.” “உனக்கு மறதி ஜாஸ்தி ஆயிடுச்சு, டாக்டரைப் பார்க்கணும்.” இதைக் கேஸ்லைட்டிங் என்கிறார்கள். 1938-இல் லண்டனில் மேடையேறிய ஒரு நாடகத்தின் தலைப்பிலிருந்து வந்த சொல் அது. கணவன் செய்யும் காரியத்தால் வீட்டு எரிவாயு விளக்குகள் மங்கும். மனைவி அதைக் கவனிக்கிறாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்ப வைக்கப் பார்க்கிறான். இன்று இந்தச் சொல்லை, பொய் சொன்ன எல்லோர்மீதும் வீசுகிறார்கள். பொய் சொல்வது வேறு. ஒருவரைத் தன் நினைவையும் கண்ணையும் நம்பாதவராக ஆக்குவதற்குத்தான் இந்தப் பெயர்.

இந்த நூல்கள் எல்லாம் சேர்ந்த வலைக்கு ஒரு பெயர் உண்டு: அடக்குமுறைக் கட்டுப்பாடு. அமெரிக்கச் சமூகவியலாளர் எவன் ஸ்டார்க் 2007-இல் இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்த பிறகு அது பரவலானது. தனித்தனி அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, பறிக்கப்பட்ட சுதந்திரத்தைப் பாருங்கள் என்பது அவர் வாதம். அதற்கு முன்பே, 1984-இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊரில் பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னதை வைத்து ஒரு சக்கரம் வரைந்தார்கள். அச்சில் ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்று எழுதி, எட்டு ஆரங்களில் தனிமைப்படுத்துதல், பணம், பிள்ளைகளை வைத்து மிரட்டுதல் போன்றவற்றைப் போட்டார்கள். அடியும் பாலியல் வன்முறையும் எங்கே? வெளி வளையத்தில். எல்லா ஆரங்களையும் விலகாமல் பிடித்து வைப்பது அதுதான்.

அடிக்கிற கைதான் அணைக்கும்

நம் மொழியில் இப்படியொரு பழமொழி இருக்கிறது. ஆறுதலாகச் சொல்லப்படுவது. எனக்கென்னவோ அது, சொல்பவர்களுக்கே தெரியாமல், ஒரு மனவியல் பொறியை அப்படியே விவரிக்கிறது என்று தோன்றும்.

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் ஒரு சுழற்சியை விவரித்தார். முதலில் இறுக்கம் கூடுகிறது, பிறகு வெடிக்கிறது, பிறகு மன்னிப்பு, கண்ணீர், பரிசு, “இனிமேல் சத்தியமா மாட்டேன்.” எல்லா வீட்டிலும் இந்த மூன்றும் வரிசையாக வருவதில்லை, சில இடங்களில் மன்னிப்புக் கட்டம் என்பதே கிடையாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொடுமையும் அன்பும் மாறி மாறி வரும் வீடுகளில் என்ன நடக்கிறது?

சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் போனை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறீர்களா? போன் முழுக்கச் செத்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்போம். ஆனால் ஜன்னல் ஓரம் ஒரு கோடு, மாடிப்படியில் இரண்டு கோடு என்று அவ்வப்போது காட்டினால் விட மாட்டோம். கையை உயர்த்திக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவோம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பலன், எப்போதும் கிடைக்கும் பலனைவிட விடாப்பிடியாகத் தேட வைக்கும். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில் கண்ட விஷயம் இது. சூதாட்ட இயந்திரங்கள் இயங்குவதும் இதே விதியில்தான்.

காயப்படுத்துபவரும் ஆறுதல் தருபவரும் ஒரே ஆளாக இருந்து, இடையில் வேறு யாரும் இல்லாமல் போனால், அந்த ஆறுதலுக்காக மனம் அவரிடமே ஓடும். இந்தப் பிணைப்புக்கு டான் டட்டன், சூசன் பெயின்டர் என்ற இருவர் 1981-இல் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் வதைப் பிணைப்பு எனலாம். பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவது அல்ல இது. அதிகார ஏற்றத்தாழ்வும், விட்டுவிட்டு வரும் கொடுமையும் இருந்தால் யாருக்கும் உருவாகலாம்.

“நல்லவராவும் இருக்காரே” என்று பாதிக்கப்பட்டவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, ஏமாறவும் இல்லை. அந்த நல்ல நாட்களும் நிஜமாகவே நடந்தவை. அவர் காத்திருப்பது அந்த மனிதருக்காகத்தான்.

வெளியேறும் நாள்தான் ஆபத்தான நாள்

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். அது ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: உள்ளே இருப்பது ஆபத்து, வெளியே வந்துவிட்டால் பாதுகாப்பு. கதவைத் தாண்டினால் முடிந்தது.

நோக்கம் பிடியில் வைத்திருப்பது என்று பார்த்தோம். பிடி நழுவும் நேரத்தில் பிடித்திருப்பவர் என்ன செய்வார்? இன்னும் இறுக்குவார். ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் ஆய்வாளரும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் 11 நகரங்களில், துணையால் கொல்லப்பட்ட பெண்களின் வழக்குகளை, வன்முறைக்கு ஆளாகியும் உயிரோடு இருக்கும் பெண்களின் நிலையோடு ஒப்பிட்டு 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிகவும் கட்டுப்படுத்தும் துணையை விட்டுப் பிரிந்த பெண்களுக்குக் கொல்லப்படும் அபாயம் ஒன்பது மடங்கு கூடியிருந்தது. அந்தத் துணையின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் ஐந்து மடங்கு. பின்னர் 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு, முன்பு ஒருமுறை துணையால் கழுத்து நெரிக்கப்பட்டவர்களுக்கு இந்த அபாயம் ஏறத்தாழ ஏழு மடங்கு என்றது. கழுத்தை நெரித்தல் பல நேரம் வெளியில் தழும்பே விடாது. “அடையாளமே இல்லையே” என்று அலட்சியப்படுத்தப்படும் அந்தச் செயல்தான் பெரிய எச்சரிக்கை மணி. நடந்திருந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். மூச்சுக்குழாயிலும் ரத்தக் குழாயிலும் ஏற்பட்ட சேதம் தாமதமாகத் தெரியலாம்.

ஐ.நா.வின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2023-இல் உலகம் முழுக்கச் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணையாலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள். நாளொன்றுக்கு 140 பேர். அந்த ஆண்டில் கொலையான பெண்களில் 60 சதவீதம் இப்படித்தான் இறந்தார்கள். ஆண்களில் இது சுமார் 12 சதவீதம்.

ஆகவே, “இன்னும் போகாமல் இருக்கிறேன்” என்பது பல நேரம் முடிவெடுக்க முடியாமை அல்ல, அபாயத்தை எடைபோட்டதன் விளைவு. எப்போது, எங்கே, எதை எடுத்துக்கொண்டு, யாரிடம் மட்டும் சொல்லி என்று முன்கூட்டியே வகுப்பதற்குப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். பெண்கள் காப்பகங்களிலும் உதவி மையங்களிலும் இருப்பவர்கள் முதலில் உட்கார்ந்து பேசுவது இதைப் பற்றித்தான்.

திட்டம் போட்டாலும் வழியில் ஏகப்பட்ட கதவுகள். இரவு தங்க இடம். காப்பகத்தில் இடம் இருக்க வேண்டும், வளர்ந்த மகனையும் சேர்த்துக்கொள்வார்களா என்று பார்க்க வேண்டும். பணம். பிள்ளைகளின் பள்ளி. பிறப்புச் சான்று, அடையாள அட்டை எல்லாம் யார் பூட்டில் இருக்கின்றன? வெளிநாட்டில் துணையின் விசாவில் வாழ்பவர் என்றால் நாட்டில் தங்கும் உரிமையே அவர் கையில். மாற்றுத்திறனாளி என்றால் குளிக்க வைப்பவரும் அடிப்பவரும் ஒருவராக இருக்கலாம். நாயை என்ன செய்வது என்பதுகூட நிஜமான கேள்விதான். விட்டுவிட்டு வந்தால் அதை என்ன செய்வார்கள் என்று தெரியும்.

இவ்வளவையும் தாண்டிப் போனவர் சில வாரத்தில் திரும்பி வருகிறார். பார்ப்பவர்களுக்குச் சலிப்பு. “இவ்வளவு உதவி பண்ணியும்…” ஆனால் திரும்பி வந்தவர் தொடங்கிய இடத்துக்கு வரவில்லை. எந்தக் கதவு திறந்தது, எது திறக்கவில்லை என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். பலர் பல முறை முயன்ற பிறகே நிரந்தரமாக வெளியேறுகிறார்கள்.

சுருக்கமாக: வெளியேறுவது ஒரு நாளில் முடியும் செயல் அல்ல, நீளும் ஒரு காலம். அந்தக் காலத்தில் பிரியும் நேரத்தை ஒட்டிய நாட்கள்தான் உயிருக்கு மிக அபாயமானவை.

உதவி கேட்கும் இடங்களில்

காவல் நிலையத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் நிதானமாக, மரியாதையாக, “சார், சின்ன மனஸ்தாபம்” என்கிறார். இன்னொருவர் அழுகிறார், கத்துகிறார், நேற்று நடந்ததையும் மூன்று வருடத்துக்கு முன் நடந்ததையும் கலந்து சொல்கிறார், தேதி கேட்டால் தடுமாறுகிறார். யாரை நம்பத் தோன்றும்?

பெரும் அச்சத்தில் இருக்கும்போது மூளை நிகழ்வுகளை வரிசையாக அடுக்கி வைப்பதில்லை. மோதிரத்தின் பளபளப்பு, ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் போன்ற துண்டுகள் துல்லியமாக இருக்கும். எது முதலில், எது பிறகு என்பது கலைந்திருக்கும். மூச்சு நெரிக்கப்பட்டவர்களுக்கும் தலையில் அடிபட்டவர்களுக்கும் மூளைக் காயமே இருக்கலாம். ஆனால் விசாரணை கேட்பது வரிசையான, முரணில்லாத கதை. அதனால் காயத்தின் அறிகுறியே பொய்யின் அறிகுறியாகப் படிக்கப்படுகிறது.

இதோடு, தன்னைப் பற்றிப் புகார் வந்ததும் பலர் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். முதலில் மறுப்பு. அடுத்து, புகார் சொன்னவரின் குணத்தைத் தாக்குவது. கடைசியில், “உண்மையில் பாதிக்கப்பட்டவன் நான்தான்” என்று இடம் மாறி உட்கார்வது. அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997-இல், இவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, இதற்கு டார்வோ என்ற சுருக்கப் பெயரைத் தந்தார். தெரிந்து வைத்துக்கொண்டால் அடையாளம் காண்பது சுலபம்.

மருத்துவமனையில் வேறு மாதிரி. “எப்படி அடிபட்டது?” என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்கிறார். ஐந்து நிமிடம் தனியாக வைத்துக் கேட்கும் செவிலியர் ஒருவர் இருந்தால் கதையே மாறலாம்.

சட்டம் இந்த வலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது தாமதமாகத்தான். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் மனரீதியான கொடுமையோடு பொருளாதாரக் கொடுமையையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-இல் அடக்குமுறைக் கட்டுப்பாட்டையே தனிக் குற்றமாக்கின. அதிகபட்ச தண்டனை ஐந்து ஆண்டு. ஸ்காட்லாந்து 2018-இல் தனிச் சட்டம் இயற்றியது. காகிதத்தில் இருப்பதெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் மனதில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள். பிள்ளைகளால் அடிக்கப்படும் முதியவர்களும், ஒருபால் உறவில் இருப்பவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். வலை அதேதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், நம்ப மாட்டார்கள் என்ற பயம் இவர்களுக்கு இன்னும் கூடுதல். பாதிக்கப்பட்டவர்களில், குறிப்பாகத் திரும்பத் திரும்ப, உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குப் பாதிக்கப்படுபவர்களில், பெண்களே அதிகம் என்பதையும் இதைச் சொல்லி மறைக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?

முதலில் செய்யக் கூடாதவை. துன்புறுத்துபவரிடம் நேரில் போய் “நான் எல்லாம் கேள்விப்பட்டேன்” என்று நியாயம் கேட்காதீர்கள். அதற்கான விலையை வீட்டுக்குள் இருப்பவர்தான் கொடுப்பார். குறுஞ்செய்தியில் எதுவும் எழுதாதீர்கள். அந்தப் போனை இன்னொருவரும் படிக்கிறார். இருவரையும் உட்கார வைத்துச் சமரசம் பேசாதீர்கள். தம்பதிக்கான கூட்டு ஆலோசனையும் இங்கே பொருந்தாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பயப்படும் ஒருவர் அங்கே என்ன உண்மையைச் சொல்லிவிட முடியும்?

கேட்பது என்றால், தனியாக இருக்கும்போது கேளுங்கள். “அடிக்கிறாரா?” என்றால் இல்லை என்றே பதில் வரும். “வீட்டுக்குப் போக பயமா இருக்கா?” என்று கேட்டால் சில நேரம் வேறு பதில் வரும். சொன்னால் நம்புங்கள். “நான் நம்புறேன், இது உங்க தப்பு இல்ல” என்பதற்கு மேல் அந்த நிமிடத்தில் பெரிதாக எதுவும் தேவைப்படாது. அப்புறம், அவர் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் தொடர்பை அறுக்காதீர்கள். தனிமைதான் முதல் நூல் என்று பார்த்தோமே, நீங்கள் கோபித்துக்கொண்டு போனால் அந்த வேலையை நீங்களே செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு சைகையைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். 2020-இல் ஊரடங்கு நேரத்தில் கனடாவில் ஒரு பெண்கள் அறக்கட்டளை அறிமுகப்படுத்தியது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உள்ளங்கையை எதிரில் இருப்பவருக்குக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடுவது. சத்தமில்லாமல் உதவி கேட்பதற்கான அடையாளம் அது. பார்த்தால் அங்கேயே கூச்சல் போடாமல், தனியாகத் தொடர்புகொள்ள வழி தேடுங்கள். உடனடி ஆபத்து என்றால் மட்டும் காவல்துறையை அழைக்கத் தயங்காதீர்கள்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் யோசனை சொல்வதை நிறுத்தி மூன்று மாதம் கழித்து, அவராகவே ஒரு உதவி கேட்டார். என் மேசையில் பூட்டு உள்ள இழுப்பறையில் கொஞ்சம் இடம் வேண்டும் என்றார். முதலில் ஒரு உறை வந்தது, அதில் சான்றிதழ் நகல்கள். அப்புறம் மருத்துவமனைச் சீட்டுகள், ஒரு பழைய போன், பையனின் மூக்குக் கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி. சில வாரம் ஒன்றும் வராது. சில வாரம் நான்காய் மடித்த ஒரு நோட்டு வரும்.

இரண்டு முறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு முறையும் சில வாரங்களில் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, சாவியை மட்டும் எடுத்து நீட்டினேன். மூன்றாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனார். அதற்குப் பிறகும் பல மாதம் அந்த இழுப்பறையை நான் காலியாகவே வைத்திருந்தேன்.